தண்ணீருக்கு ஒரு வழி, மின்சாரத்துக்கு ஒரு வழி

வீட்டில் ஏ.சி. மாட்டுகிற அன்று நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வந்த ஆட்களுக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். 'அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்' என்று ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன், சகோதரிகளே. போன கோடையில் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த நினைப்பைத் தலைமுழுகிவிட்டேன்.

என் மாமியாருக்கு வெக்கை ஆகாது. அவருடைய அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினோம். மாட்ட வந்தவர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார். அறை ஜில்லென்று ஆனது, எல்லாருக்கும் சந்தோஷம். பத்து நாள்கூட ஆகவில்லை. ராத்திரி அத்தை குரல் கொடுத்தார். "ஏம்மா, சுவரெல்லாம் ஈரமா இருக்கே!" நான் எழுந்து போவதற்குள் விளக்கைப் போட ஸ்விட்சில் கை வைத்திருக்கிறார். சுரீரென்று ஷாக்! கையை உதறிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விடியும் வரை எங்களில் யாரும் தூங்கவில்லை.

காலையில், எங்கள் வீட்டுக்கு முதலில் ஒயரிங் செய்து கொடுத்த பெரியவரைக் கூப்பிட்டோம். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைத்தான் அழைத்தார்.

"இங்க வந்து பாருங்கம்மா. தண்ணி போற பைப்பு சுவத்துக்குள்ள மேல ஏறி அப்புறம் இறங்குது. தண்ணி எப்படி மேல ஏறும்? திரும்பி வந்து கீழே இருக்கிற போர்டுக்குள்ள இறங்கிடுச்சு. கரண்ட்டையும் லைட் போர்டுலேருந்தே இழுத்திருக்காங்க. எர்த் ஒயரைச் சேர்க்காம மடிச்சு விட்டுட்டாங்க."

"ஏ.சி.யில ஏது அண்ணே இவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எத்தனையோ விஷயம் தெரிந்தது.

குளிர்ந்த நீர் உள்ள சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே கதைதான். அறைக் காற்றில் உள்ள ஈரம் ஏ.சி.யின் குளிர்ந்த குழாய்களில் பட்டு நீராகிறது. புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வரும். 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் இந்த முறையை வகுத்ததே மனிதர்களுக்குக் குளிர்ச்சி தருவதற்காக அல்லவாம். புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் சுருங்கி விரிந்து, வண்ண அச்சு ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழவில்லை. அந்த ஈரத்தை எடுக்கத்தான் வழி தேடினார். ஆக, நீர் வருவது கோளாறு அல்ல. போக வழி இல்லாததுதான் கோளாறு.

எங்கள் வீட்டில் இப்போது ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்து பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கும் வரப்போகும் குழந்தைக்குமாக இன்னொரு ஏ.சி. மாட்டினோம். இந்தத் தடவை நான் அடுப்படிக்குப் போகவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கவனித்தவற்றை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர். ஸ்விட்ச் போர்டு, கட்டில், தொட்டில் இவற்றுக்கு நேர் மேலே ஏ.சி. வேண்டாம். சுவரில் போடும் ஓட்டை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பைப் நெடுகிலும் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருக்கட்டும். நடுவில் மேடு, மடிப்பு கூடாது. பைப்பின் நுனி வாளித் தண்ணீரில் முங்கியும் இருக்கக் கூடாது. கழிவறைக் குழாயோடு நேராக இணைத்தால் நாற்றமும் பூச்சியும் அறைக்குள் வரும். பக்கத்து வீட்டுச் சுவரில் சொட்டவிட்டால் சண்டை வரும். வேலை முடிந்ததும், மின்சாரத்தை இணைக்கும் முன்பே, மாட்டியவரையே ஒரு குவளை நீரை உள்ளே இருக்கும் தட்டில் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். அவ்வளவும் வெளியே வந்து விழுகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 1,500 வாட்ஸ் இழுக்கும். பழைய 40 வாட்ஸ் டியூப் லைட் முப்பத்தேழை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். விளக்கு போர்டில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கும் மெல்லிய ஒயரும் இதைத் தாங்காது, சூடேறி உருகும். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடவே கூடாது. எங்கள் பெரியவர் மெயின் போர்டிலிருந்து தனி லைனாக, நடுவில் ஒட்டு இல்லாமல் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, தனியாக 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டார். உங்கள் ஏ.சி.க்கு உள்ள அளவு அதன் குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். அதைக் காட்டிக் கேளுங்கள்.

எர்த்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிளக்கில் பெரிய பின் எதற்கு என்று கவனித்திருக்கிறீர்களா? அதுதான் எர்த். செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மெயின் போர்டில் இருக்கட்டும். யார் உடம்பு வழியாகவாவது மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. நான் மாதம் ஒரு தடவை, முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் அதை அழுத்திப் பார்க்கிறேன். அணைந்தால் சரி. அணையாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியன்தான்.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஏ.சி.யை அணைத்துவிட்டு வலையைக் கழற்றித் தண்ணீரில் அலசுங்கள். தூசி சேர்ந்தால் தண்ணீர்த் தட்டில் பாசி பிடித்து வழி அடைத்துக்கொள்ளும். வெளியே வரும் தண்ணீர் செடிக்கும் தரை துடைக்கவும் ஆகும். குடிக்க ஆகாது.

மாட்ட வந்த பையன் முதலில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான். "எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றான். "தெரியும் தம்பி. ஆனா நீ போயிடுவே, இந்த அறையில படுக்கப்போறது என் பொண்ணும் பேரப்பிள்ளையும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்க் குவளையில் தண்ணீர் பிடித்து வந்தான்.

ஊற்றிய நீர் வெளியே சொட்டுச் சொட்டாக விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் காபி போட எழுந்தேன்.