குழிக்கு நிலமுண்டு! குடிக்கு நிலமில்லையா?

ஜொகூர் மாநிலத்தில், ஒரு மலையடிவாரத்தில் அமைந்த உல்லாச விடுதி ஒன்றிற்கு, நண்பர் ஒருவரின் அழைப்பிற்கிணங்கி நாம் சென்றிருந்தோம். விடுதியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. காலைப்பனி முகட்டை விட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சைப் புல்வெளி, இடையிடையே குளங்கள், குளக்கரையில் வெண்மணற் பள்ளங்கள், தொலைவில் ஒரு சிறு கொடி. சீமான்கள் நால்வர் கோல்ப் ஆடிக்கொண்டிருந்தனர். அழகான காட்சிதான். அதை மறுக்கும் அளவுக்கு நமக்குக் கண்ணில்லாமற் போய்விடவில்லை.

ஓரத்தில் மூதாட்டி ஒருவர் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். நம் இனத்தவர். "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டோம். "இதே ஊர்தான் ஐயா" என்றார். பிறகு நிமிர்ந்து, கையிலிருந்த களைக்கொத்தியால் சுட்டிக் காட்டினார். "அந்தா கொடி நட்டிருக்கே, அதுதான் எங்க லயத்து வாசல். அதுக்கு எதிர்க்கத்தான் ஆயாக்கொட்டகை. எம் மூணு பிள்ளைங்களும் அங்கேதான் வளந்துச்சுங்க."

அவர் குரலில் கோபமில்லை. அதுவே நமக்குக் கோபத்தை உண்டாக்கிற்று.

தோழர்களே! கோபத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, முதலில் ஒரு கணக்குப் போடுவோம். கோல்ப் குழியின் வாய் நாலேகால் அங்குலம். 1891-இல் வகுத்த அளவு, இன்றும் அதுவே. பதினெட்டுக் குழிகளின் வாயையும் ஒன்றாய்ச் சேர்த்து அளந்தால் இரண்டு சதுர அடிகூடத் தேறாது. இந்த இரண்டு சதுர அடிக்காக வளைக்கப்படும் நிலமோ ஏறத்தாழ 150 ஏக்கர்! இனி மறுபக்கம் பாருங்கள். ஒரு தோட்டத்தில் நூறு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு நாற்பதடிக்கு அறுபதடி மனை கொடுத்தால் ஐந்தரை ஏக்கர் போதும். சாலை, பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் யாவும் சேர்த்தாலும் பத்து ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆடுவோரின் இரண்டு குழிகளுக்கு ஆகும் நிலத்திலும் இது குறைவு. இரண்டு குழி குறைந்தால் ஆட்டம் கெட்டுவிடுமோ? கோல்ப் பிறந்த ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத் திடலில், ஆதியில் 22 குழிகள் இருந்தன; 1764-இல் அவற்றை 18 ஆகக் குறைத்தனர். நம் பிரேசர் மலையில், பழைய ஈயச்சுரங்கம் கிடந்த இடத்தில் வெள்ளைக்காரர் அமைத்த திடலுக்கு ஒன்பது குழிகளே. ஆகவே பதினெட்டு என்பது பிரமன் எழுதிய எழுத்தன்று.

நிற்க. இந்த ஆட்டத்துக்கும் ஜொகூருக்கும் உள்ள பழைய உறவு நம்மவரில் பலர் அறியாதது. முன்னாளில் கோல்ப் பந்து, தோலுக்குள் பறவையிறகு அடைத்துத் தைத்ததாக இருந்தது. விலையோ அதிகம், மழையில் நனைந்தால் பாழ். 1848-ஆம் ஆண்டளவில் புதுப்பந்து வந்தது. அது தாபான் மரத்தின் பாலை இறுக்கிச் செய்த கட்டாபெர்ச்சாப் பந்து. தாபான் மரம் எங்கே வளர்ந்தது? ஜொகூர்க் காட்டிலும் அதையடுத்த தீவுகளிலும் அன்றோ! 1840-களில் இந்தப் பால் வாணிகத்தைத் தெமங்கோங் இப்ராகிம் தம் கையில் வைத்திருந்தார். ஜொகூர் அரச குடும்பத்தின் செல்வம் அதனால் ஓங்கிற்று. பால் எடுப்பதற்கு மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் அருகிப்போயிற்று. காட்டில் அலைந்து பாலெடுத்த மலாய்க்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும் கிடைத்தது சொற்பம்; ஸ்காட்லாந்துக் கனவானுக்குக் கிடைத்தது மலிவான பந்து.

பின்னர் 1898-இல் அமெரிக்கரான ஹாஸ்கெல், ரப்பர் நூலை இறுகச் சுற்றிப் பந்து செய்யும் வழியைக் கண்டார். அதன் பிறகு வந்த நீண்ட காலம் முழுவதும், உலகமெங்கும் பறந்த கோல்ப் பந்துக்குள் சுற்றியிருந்தது ரப்பர். ரப்பர் யாருடைய உழைப்பு? இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி, அட்டைக்கும் கொசுவுக்கும் இரத்தம் கொடுத்து, மரத்துக்கு மரம் நடந்த நம் பாட்டன் பாட்டியின் உழைப்பு. பந்தைப் பிளந்து பார்த்தவர் நூலைத்தான் கண்டிருப்பர். அந்த நூலுக்குள் ஒரு சமுதாயமே சுற்றிக் கிடந்தது என்பதை எவரும் கண்டதில்லை.

பந்துக்குப் பால் கொடுத்தோம். இப்போது திடலுக்கு நிலமும் கொடுத்துவிட்டு நிற்கிறோம். 1950-களில் வெள்ளைத்துரைமார் தோட்டங்களை விற்றபோது துண்டாடல் வந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரங்கள் பெருத்தபோது வீடமைப்பும், தொழிற்பேட்டையும், கோல்ப் திடலும் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் நிலத்தின் விலை ஏறிற்று. அதைத் திருத்தியவனின் விலை மட்டும் இறங்கிற்று. வேலை போனால் சட்டம் என்ன கொடுக்கிறது? 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாட் கூலி. முப்பதாண்டு உழைத்தவருக்கு 600 நாட் கூலி. அந்த விதிகளில் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட தோட்டத்தில், வேலை அறுந்த அன்றே கூரையும் அறுந்து விழுகிறது.

இந்நாட்டு நில எடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டினது. எந்த நோக்கங்களுக்காக நிலத்தை எடுக்கலாம் என்று அதன் மூன்றாம் பிரிவு அடுக்கிச் சொல்கிறது. குடியிருப்பு, வேளாண்மை, வாணிகம், தொழில் என்னும் வரிசையில் பொழுதுபோக்கும் ஒன்றாக நிற்கிறது. 1991-இல் செய்த திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என்று மாநில அரசு கருதினால் தனியாருக்காகவும் நிலம் எடுக்கலாம் என்று இடம் கொடுத்தது. நாம் கேட்பது இது ஒன்றே: பொழுதுபோக்கு எழுதியிருக்கும் அதே வரியில்தானே குடியிருப்பும் எழுதியிருக்கிறது? ஒரு சொல்லுக்கு உயிர் உண்டு, மற்றொரு சொல் செத்துவிட்டது என்று தீர்மானித்தவர் யார்?

நம் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். "கோல்ப் திடலால் வேலை கிடைக்கிறதே!" என்பர். கிடைக்கிறது. முன்பு வீட்டோடு வேலை. இப்போது வீடில்லாமல் வேலை. தன் வாசலிலேயே கூலிக்குக் களை பறிப்பதை முன்னேற்றம் என்று சொல்ல நம் நா எழவில்லை.

"பசுமை அன்றோ!" என்பர். பச்சையெல்லாம் பசுமையாகிவிடாது. அந்தப் புல் தானாக அப்படி வளர்வதில்லை. உரமும் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அதற்குத் தீனி. மருந்தடிப்பதென்றால் என்னவென்று நம் தோட்டத்துப் பெண்டிரைக் கேளுங்கள். நகம் கழன்று கண் எரிந்த கதைகளை அவர்கள் சொல்லுவார்கள். பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சு 2020-இல்தான் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. கோல்ப் திடல்கள் நிலத்தையும் நீரையும் விழுங்குவது கண்டு, ஜப்பான், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் மக்கள் 1993-இலேயே ஒன்றுகூடி உலக எதிர்ப்பு இயக்கம் கண்டனர் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

"ஆட்டத்தின் மேல் உங்களுக்கு என்ன பொறாமை?" என்பர் வேறு சிலர். ஆட்டத்தின் மேல் நமக்குப் பகையில்லை. உழைத்தவனுக்கு ஆட்டமும் ஓய்வும் வேண்டும் என்பவர் நாம். ஆயின் ஆட்டம் பிறந்த ஊரைப் பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் திடல் ஊர்ப்பொது நிலம். அங்கே ஆடுவதற்கு ஊராருக்குள்ள உரிமையை 1552-ஆம் ஆண்டுச் சாசனம் ஒப்புக்கொண்டது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அந்தப் பழைய திடலில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊர்மக்கள் குழந்தை குட்டிகளோடு உலவுகிறார்கள். அங்கிருந்து மட்டையைக் கடன் வாங்கினோம். பந்தைக் கடன் வாங்கினோம். அந்தப் பொதுவுரிமையை மட்டும் ஏன் கடன் வாங்கவில்லை? இங்கே வேலிக்கு வெளியே நிற்பவன், அந்த நிலத்தில் தொப்புள்கொடி புதைத்தவன்!

குற்றத்தை முழுவதும் பிறர் தலையில் ஏற்றிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. தோட்டம் கைமாறும் செய்தி வந்தபோது நாம் என்ன செய்தோம்? கோயிலை எங்கே மாற்றுவது என்று இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடினோம். சாமிக்கு இடம் கேட்டுக் கூட்டம் கூட்டினோம். குடிக்கு இடம் கேட்டுக் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. கள்ளுக்கடையில் கொடுத்த காசைக் கணக்கிட்டால் எத்தனை மனைகள் வாங்கியிருக்கலாம்! 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டம் அழிந்த இடத்தில் பள்ளியும் அழிந்தது. நகரத்து நம்மவரில் வசதி படைத்த சிலரோ, கோல்ப் சங்கத்தில் அங்கத்தினராய் இருப்பதைக் குலப்பெருமை போலப் பேசுகின்றனர். ஆடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாவது குழியருகில் நிற்கும்போது, அங்கே யாருடைய அடுப்பு எரிந்தது என்று ஒருமுறை கேட்கட்டும்.

வழி இல்லாமற் போகவில்லை. துண்டாடல் புயல் வீசிய அந்த நாளில், 1960-இல், துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டிகள் தம் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்த்தனர். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. படிப்பில்லாத ஏழைகளால் ஒரு தோட்டத்தையே வாங்க முடிந்தது! படித்துப் பட்டம் பெற்ற நம்மால் பத்து ஏக்கர் மனைநிலத்தைக் கேட்டு வாங்க முடியாதா?

ஆதலின் நாம் கேட்பவை இரண்டு. தோட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அரசு அனுமதி கொடுக்கும் முன், அங்கே குடியிருப்போருக்குச் சொந்த மனை ஒதுக்குவதை முதல் நிபந்தனையாக்க வேண்டும். குழி தோண்டுவது அதற்குப் பிறகு. இரண்டாவது, நம்மவர்க்கு: தோட்டம் விற்பனைக்கு வரும்வரை காத்திராமல் இன்றே சங்கம் கூடுங்கள், குடும்பப் பட்டியலையும், எத்தனை ஆண்டு குடியிருந்தோம் என்னும் சான்றுகளையும் திரட்டி வையுங்கள். நீதிமன்றம் கேட்பது கண்ணீரையன்று, காகிதத்தை.

விடைபெறும்போது அந்த மூதாட்டியிடம், "இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டோம். "டவுனிலே வாடகைக்குத்தான் ஐயா. நாலாவது மாடி" என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்து களை பறிக்கலானார். தொலைவில் யாரோ அடித்த பந்து குழிக்குள் விழுந்தது. சீமான்கள் கைதட்டினார்கள்.