துரைக்கு முகம், நமக்குச் சாதி

கொஞ்ச நாள் முன்னால் ஓர் ஓவியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய சிற்றுருவப் படம் ஒன்றை வரைந்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பேச்சு. தண்டையார்பேட்டையில் பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் என்னை விடவில்லை.

திரையில் ஒரு வெள்ளைக்காரன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் முட்டை வடிவ யானைத் தந்தச் சீவலில் நீர்வண்ணத்தால் வரைந்த முகம். ஓரத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் ஜே.எஸ். என்று இரண்டு எழுத்து, ஆண்டு, கூடவே ஒரு 'ஐ'. ஜே.எஸ். என்றால் ஜான் ஸ்மார்ட். 1785இல் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்து 1795 வரை இங்கே இருந்தவர். ஆற்காட்டு நவாப் முகமது அலியையும் கம்பெனி துரைமார்களையும் வரைந்து சம்பாதித்தவர். இங்கே வரைந்த படங்களில் மட்டும் 'இந்தியா' என்பதற்கு அடையாளமாக அந்த 'ஐ'யைப் போட்டார். கையெழுத்து இல்லாவிட்டாலும் பிடித்துவிடலாமாம். இமையை எப்படி முடிக்கிறார், கன்னத்துச் சதையில் தூரிகை முனையை எப்படிப் புள்ளி புள்ளியாக வைக்கிறார் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். மகன் பெயரும் ஜான் ஸ்மார்ட். அவரும் ஓவியர், 1809இல் சென்னையிலேயே செத்துப்போனவர். அப்பன் கையையும் மகன் கையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பேசியவர் ரொம்பக் கவலைப்பட்டார்.

நான் எழுந்து கேட்டேன்: "அய்யா, அதே காலத்துல தஞ்சாவூர்ல உக்காந்து கம்பெனிக்காரனுக்குப் படம் போட்டாங்களே, அவங்க கையை இப்படி யாரு பாக்கறது?"

"அதற்கெல்லாம் ஆவணம் இல்லை தம்பி."

நான் கேட்டது எந்தப் படங்களை என்று தெரியாத மாணவத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து துரைமார்கள் ஊருக்கு எடுத்துப்போக ஆல்பம் ஆல்பமாகச் சாதிப் படங்கள் வாங்கினார்கள். ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, கையில் தொழில் கருவி, கீழே சாதிப் பெயர். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இவை இருக்கின்றன. பல படங்களில் முகம் ஏறக்குறைய ஒரே அச்சு. துணியும் கருவியும்தான் மாறும். துரைக்கு முகத்தின் சுருக்கம்வரை வேண்டியிருந்தது. எங்கள் பாட்டன் பாட்டிக்குப் 'பறையன், அவன் பொண்டாட்டி' என்ற ஒரு வரி போதுமாயிருந்தது. அந்த வரியை எழுதியவன் வெள்ளைக்காரன்தான். ஆனால் ஆளைப் பார்க்காமல் சாதியைப் பார்க்கிற பழக்கம் கப்பலில் வந்து இறங்கியதா என்ன?

வரைந்தவருக்கு என்ன ஆச்சு? 'தஞ்சாவூர் ஓவியர்' என்று பொதுவாக ஒரு சீட்டு. பழைய ஆங்கில எழுத்துகளில் இவர்களுக்கு இன்னொரு பெயர்: முச்சி. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதைத் தோல் வேலை செய்கிற தாழ்ந்த சாதி என்றுதான் தொடங்குகிறது. தெற்கே இவர்கள் படமும் வரைவார்கள் என்பது பிறகுதான் வருகிறது. ஆக வரையப்பட்டவருக்கும் சாதி, வரைந்தவருக்கும் சாதி. பெயர் மட்டும் துரைக்கு.

ஆவணம் இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வேலூர் எல்லப்பா என்ற ஓவியர் 1830களில் தன்னையே வரைந்து வைத்துவிட்டுப் போனார். 2019–20இல் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் நடந்த கண்காட்சியில் அவர் பெயரோடு அவர் படைப்பு வந்தது. கண்காட்சிக்குத் தலைப்பு 'மறந்துபோன மேதைகள்'. மறந்தது யார் என்று தலைப்பில் இல்லை. அது போகட்டும். தேடினால் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டியது.

நம் தோழர்களிலும் சிலர், "இது பணக்காரன் பொழுதுபோக்கு, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதிவைத்தார்: ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், திருக்குறள் ஏடு எல்லிஸ் துரை கைக்குப் போய்ச் சேரக் காரணமானவர் என்று. பேரன் எழுதாமல் விட்டிருந்தால் கந்தப்பன் யார்? துரை வீட்டு வேலையாள், அவ்வளவுதான். பெயரைத் தேடுவது பொழுதுபோக்கு என்றால் பண்டிதரும் பொழுதைப் போக்கினாரா?

ஸ்மார்ட் வந்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். துடுப்புப் போட்டவர்கள் கடற்கரை மீனவர்கள், எங்கள் சேரி ஆட்கள் இல்லை. அதை எங்களுடையதாக்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தத் தூரிகைப் பெட்டி நனையாமல் கரைசேர்ந்தது அவர்கள் தோளில். அவர்களுக்கு ஏது ஓரத்தில் இரண்டெழுத்து?

அந்தப் பூதக்கண்ணாடியைப் பிடுங்கி உடைக்கச் சொல்லவில்லை. நம் கைக்கு வரட்டும் என்கிறேன். ஓவியக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் அந்த ஆல்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காது, விரல், பாதம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை கைகள் என்றாவது எண்ணலாம். ஆவணக் காப்பகத்தில் படிக்கிறவர்கள் கம்பெனி சம்பளக் கணக்குகளில் 'முச்சி' என்ற சொல் வரும் இடமெல்லாம் நிறுத்திப் படியுங்கள். காசு கொடுத்த இடத்தில் ஒரு பெயர் மாட்டும்.

நான் என் வீட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மூட்டை தூக்கிய எங்க நைனாவுக்கு இருப்பது ஒரே படம், ஹார்பர் பாஸில் ஒட்டிய ஸ்டாம்பு சைஸ் போட்டோ. ஸ்மார்ட்டின் தந்தத்தைவிடச் சின்னது. கூட்டத்திலிருந்து வந்த ராத்திரி அதை மெதுவாக உரித்துப் பார்த்தேன். பின்னால் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. 'ராயபுரம்' மட்டும் தெரிகிறது, ஸ்டுடியோ பெயர் போய்விட்டது. நைனாவின் கழுத்து நரம்பு புடைத்திருப்பது தெரியும்படி விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுத்திருக்கிறார் அந்த மனுஷன். அவர் யார் என்று நைனா கூட வேலை செய்தவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆயா, "அந்தக் கால் நொண்டுவாரே, அவரு" என்கிறாள். கல்மண்டபம் பக்கம் ஒரு பெரியவருக்குத் தெரியுமாம். அவருக்குக் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை போய் எழுதிக் காட்டிக் கேட்கவேண்டும்.