கொடுப்பு வீங்கினால் உடனே பல்லைப் பிடுங்காதீர்கள்

கொடுப்பு வீங்கினால் குற்றத்தைப் பல்லின் மேல் போட்டுப் பிடுங்கிவிடுவதும், புற்றுநோய்தான் என்று பயந்து வீட்டோடு இருந்துவிடுவதும் நோய் இன்னதென்று அறியாமல் எடுக்கும் முடிவுகள். தாடை எலும்பில் வரும் புற்றல்லாத கோளாறுகள் சிலவற்றுக்குக் கத்தியே தேவையில்லை. நடுவயதுப் பெண் ஒருவரின் கீழ் முன்பற்களின் வேர்நுனியில் எக்ஸ்ரே ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டுகிறது என்று வையுங்கள். சீழ்க்கட்டி போலவே தெரியும்; ஆனால் நோவு இராது. குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்ததும் கூசினால் பல் உயிரோடு இருக்கிறது, கோளாறு எலும்பில் என்று ஊகிக்கலாம். சிமெண்டோ ஒசியஸ் டிஸ்பிளேசியா எனப்படும் இந்நிலையில் கறுப்பு வட்டம் காலப்போக்கில் தானே வெளுத்துவிடும். அந்தப் பல்லைப் பிடுங்கினாலோ, எலும்பைச் சுரண்டினாலோ, இரத்த ஓட்டம் குறைந்த அவ்விடத்தில் கிருமி புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகலாம்.

பிள்ளைகளின் முகம் ஒருபக்கம் நோவின்றிப் பெருப்பது வேறு கதை. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா எனப்படும் இந்நோயில் எலும்பு, எக்ஸ்ரேயில் தேய்த்த கண்ணாடிபோலத் தெரிந்து எல்லையின்றிச் சுற்றெலும்போடு கலந்துவிடும். காரணம், கருவான பின் ஒரு மரபணுவில் நேரும் மாற்றம், பெற்றோரிடமிருந்து வருவதல்ல. வளர்ச்சி முடியும் பருவத்தில் பெரும்பாலும் அதன் வேகம் தணியும் என்பதால், பார்வைக்கோ மூச்சுக்கோ இடையூறு இல்லாவிட்டால் அறுவையைத் தள்ளிவைப்பதே முறை. கதிர்ச்சிகிச்சை கூடவே கூடாது. அது இந்நோய் புற்றாக மாற வழிவிடும். ஒசிஃபையிங் ஃபைப்ரோமா என்னும் புற்றல்லாத எலும்புக் கட்டிக்கோ தெளிவான எல்லை உண்டு, அதை எடுத்தே ஆகவேண்டும். நுண்ணோக்கியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். எனவே எக்ஸ்ரே இல்லாமல் திசுத்துண்டை மட்டும் அனுப்புவது பாதிக் கேள்வியை அனுப்புவதுதான்.

வெற்றிலை போடும் ஊரில், இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றே முதலிடத்தில் நிற்கும் நாட்டில், பொறுக்கச் சொல்வது ஆபத்தில்லையா? நியாயமான கேள்வி. இரண்டு வாரத்தில் ஆறாத புண், உதட்டு மரப்பு, திடீரென ஆடும் பற்கள், வேகமாகப் பெருக்கும் வீக்கம் ஆகியவற்றுக்கு ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. நான் சொல்லும் பொறுமை, நோயைக் கண்டறிந்த பிறகு, திகதி குறித்து, எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்கும் பொறுமை. கல்முனைக்கு அருகே உள்ள சவளக்கடையிலிருந்து பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதும் மெய். அதனால்தான் முதல் எக்ஸ்ரேயும் குளிர்ச் சோதனையும் கல்முனையிலேயே நடக்கவேண்டும்; நோயாளிக்கு முன்னே படம் பேராதனைக்குப் போகட்டும். வைத்தியர்களே, நோயின் பெயரைக் கிளினிக் கொப்பியில் தமிழிலும் எழுதிக்கொடுங்கள். வாசகர்களே, பழைய எக்ஸ்ரேயை எறியாதீர்கள். வீக்கம் வளர்கிறதா என்பதை அடுத்த வைத்தியர் அதை வைத்துத்தான் சொல்வார்.