சங்கிலி யாருக்கு?

பெரம்பூர் ரயில் தொழிற்சாலைத் தோழர்களை ஒன்று கேட்கிறோம். திருகாணியைத் தவறான துளையில் வைத்த கணமே, மேஸ்திரி வந்து சொல்லுமுன்பே, "அடடா!" என்று கை பின்வாங்குகிறதல்லவா? அது எந்தச் சாமியின் எச்சரிக்கை? ஒரு சாமியுமல்ல, மூளையின் வேலை.

நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்பாகத்தில் ஒரு பகுதி காவற்காரனாக இருந்து, செய்ய நினைத்ததையும் செய்துவிட்டதையும் ஒப்பிடுகிறது. தவறு நேர்ந்தால், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அங்கிருந்து ஒரு மின்னலை எழும்புகிறது. தலையில் கம்பிகளை ஒட்டி இதை அளக்கலாமென்று 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கண்டார்கள். மனச்சிதைவு நோயாளிகளை அவ்வாறே சோதித்தபோது, அவ்வலை பொதுவாகச் சிறுத்திருந்தது. தன் எண்ணத்தைத் தன்னுடையதென்று அறியும் வேலையிலும் பழுதேற்படுவதால்தான், தன் உள்பேச்சே அயலான் குரலாகக் கேட்கிறதென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

ஆகவே, "எவ்வளவு சொல்லியும் ஒப்புக்கொள்ளமாட்டேனென்கிறானே" என்று வீட்டார் நொந்துகொள்வது பிடிவாதத்தைப் பற்றியதுமல்ல, பேயைப் பற்றியதுமல்ல, பூர்வ ஜென்ம பாவத்தைப் பற்றியதுமல்ல. கண் மங்கியவனைப் பார்த்து, "ஏன் பார்க்கவில்லை?" என்று அடிப்பவர் உண்டா?

இந்நோய்க்கு 1950-களிலிருந்து மருந்து உண்டு. 1794-ல் புரசைவாக்கத்தில் தோன்றிய மனநோய் மருத்துவமனை, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில், பெரம்பூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இருந்தும் நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தங்கள் பிள்ளைகளைச் சங்கிலியில் கட்டிவைக்கவிட்டு வந்தார்கள். 2001 ஆகஸ்டு 6 விடியற்காலை அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்தது. கட்டுண்டவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன்பின் 2017-ல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம், நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாதென்று சொல்லிவிட்டது.

சட்டம் சொல்லியும், "எதற்கும் மந்திரித்துப் பார்ப்போம்" என்பவர்கள் இருக்கிறார்கள். நோயாளியின் தலைக்குள் எச்சரிக்கை அலை சிறுத்திருக்கிறது. அதற்கு அவன் பொறுப்பாளியல்ல. நம் தலையிலோ அது முழு அளவில் எழும்புகிறது. 28 பிணங்களைக் கண்ட பிறகும் தவறைத் தவறென்று உணராவிட்டால், தோழர்களே, வைத்தியம் யாருக்குத் தேவை?