அளக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்



2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. விலையோ எட்டாத உயரம். சோனகதெருவில் பழைய கார்களைத்தான் உருட்டுகிறோம். ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே "பெற்றரி போச்சு, மாத்துங்கோ" என்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நிறைந்த பெற்றரி 12.6 வோல்ற் காட்டும். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ற் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் புதுப் பெற்றரியும் சீக்கிரம் இறங்கிவிடும். எங்கள் உப்புக்காற்றில் பூத்துப்போவது பெற்றரி முனைகளும் எர்த் வயரும். சுரண்டித் துடைக்கச் செலவு ஏது?

அதைவிட மோசம், எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுவது. பியூஸ் உருகுவதே வயரைக் காக்கத்தான். கம்பி உருகாது, வயர் எரியும். உள்ளே இருப்பது நம் பிள்ளைகள்.

நிறுவையில் குறைப்பது பாவமென்றால், அளக்காமலே காசு கேட்பது என்ன? மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் காரை விடாதீர்கள்.