ஆப்பிள் பிக்கிங் போறீங்களா? நீங்க வாங்குறது ஆப்பிள் இல்லைங்க!



செப்டம்பர் வந்தாச்சுன்னா போதும், அமெரிக்காவுல வேலை பார்க்குற நம்ம ஆட்களோட வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சண்டை ஆரம்பிச்சிடும். "இந்த வீக்கெண்ட் ஆப்பிள் பிக்கிங் போலாமா?"ன்னு ஒருத்தர் கேட்பார். "கடையில பவுண்டு ரெண்டு டாலருக்கு கிடைக்குது. காசும் கொடுத்து, நாமளே போய் பறிக்கணுமா?"ன்னு இன்னொருத்தர் பதில் போடுவார். அக்டோபர் வந்தா இதே சண்டை பம்ப்கின் பேட்ச்சுக்கு, அதாவது பூசணித் தோட்டத்துக்கு மாறும்.

ரெண்டு பேர்கிட்டயும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே கணக்கை தப்பான தலைப்புல எழுதுறாங்கன்னு நான் நினைக்கிறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: சீசனுக்கு ஒரு தடவை போங்க, காசு கொடுத்தே போங்க. ஆனா எதுக்கு காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு போங்க.

முதல்ல கணக்கு

கணவன், மனைவி, ஒரு குழந்தை. ஒரு உதாரணத்துக்கு இந்த விலையை வச்சுக்குவோம். உங்க ஊர்ல கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

- எண்ட்ரி டிக்கெட், மூணு பேருக்கு: 36 டாலர்
- பறிச்சுப் போட ஒரு பெக் பை (சுமார் 10 பவுண்டு ஆப்பிள் பிடிக்கும்): 30 டாலர்
- சைடர் டோனட், ஆப்பிள் சைடர்: 18 டாலர்
- ஒரு பூசணிக்காய்: 15 டாலர்
- பெட்ரோல், டோல்: 25 டாலர்

மொத்தம் 124 டாலர். நம்ம பழக்கப்படி உடனே ரூபாய்க்கு மாத்தினா பத்தாயிரத்தைத் தாண்டிடும். வீட்டுக்கு வந்தது 10 பவுண்டு ஆப்பிளும் ஒரு பூசணிக்காயும். மொத்தச் செலவையும் ஆப்பிள் தலையில கட்டினா பவுண்டுக்கு 12 டாலருக்கு மேல. இதை மளிகைச் செலவுல எழுதினீங்கன்னா வயிறு எரியத்தான் செய்யும்!

ஆனா சினிமாவுக்குப் போயிட்டு வந்து, "பாப்கார்ன் கிலோ என்ன விலை ஆச்சு?"ன்னு யாராவது கணக்குப் போடுறோமா? இல்லையே. இதுவும் அதே மாதிரிதான். கடையில அதே ஆப்பிள் 20 டாலர்னா, மீதி 104 டாலர் அரை நாள் வெளியே போய் வந்ததுக்கான விலை. அந்த அரை நாள் உங்களுக்கு அவ்வளவு பெறுமா, பெறாதா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதனால மளிகை பட்ஜெட்டைத் தொடாதீங்க, "வெளியே போற செலவு"ல எழுதுங்க. அந்தத் தலைப்புல இந்த மாசம் காசு இல்லையா? போகாதீங்க, அவ்வளவுதான். கிரெடிட் கார்டுல அடுத்த மாசத்துக்குத் தள்ளிவிட்டு போற அளவுக்கு இது அவசரம் இல்லை. மரம் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

தோட்டக்காரர் ஏன் டிக்கெட் போடுறார்?

"நாம பறிச்சா அவருக்கு கூலி மிச்சம்தானே, அப்புறம் எதுக்கு நம்மகிட்டயே காசு?" இந்தக் கேள்வியும் குரூப்ல வரும். கேள்வி நியாயமானது. பதில் அந்தத் தொழில் நடக்கிற விதத்துல இருக்கு.

அமெரிக்காவுல விளையுற ஆப்பிள்ல பாதிக்கு மேல வாஷிங்டன் மாநிலம் ஒண்ணுலயே விளையுது. அங்க இருக்கிற பெரிய பெரிய தோட்டங்களோட, நியூயார்க்லயோ மாசசூசெட்ஸ்லயோ இருக்கிற ஒரு சின்ன குடும்பத் தோட்டம் மொத்த விலையில போட்டி போடவே முடியாது. பொதுவாவே, அமெரிக்க மக்கள் சாப்பாட்டுக்குச் செலவு பண்ற ஒவ்வொரு டாலர்லயும் விவசாயிக்குப் போய்ச் சேர்றது சுமார் 15, 16 சென்ட்தான்னு அந்நாட்டு வேளாண் துறை கணக்கு சொல்லுது. மிச்சம் பேக்கிங், லாரி, மொத்த வியாபாரி, கடை, ஹோட்டல்னு போயிடுது.

அடுத்தது ரிஸ்க். 2023 மே 18-ம் தேதி அதிகாலை நியூயார்க், வெர்மாண்ட் பக்கமெல்லாம் கடும் உறைபனி. காய் பிடிக்கிற நேரம் அது. எத்தனையோ தோட்டங்கள்ல அந்த வருஷ விளைச்சலோட பெரும்பகுதி அந்த ஒரே ராத்திரியில போச்சு. பூசணிக்கு வேற மாதிரி ரிஸ்க். அக்டோபர் 31 ஹாலோவீன் முடிஞ்சதும் அலங்காரப் பூசணியை யாரும் சீண்ட மாட்டாங்க. வருஷம் முழுக்க பட்ட பாட்டுக்கான காசை அஞ்சாறு வாரத்துல எடுத்தாகணும். அதுலயும் ரெண்டு சனிக்கிழமை மழை பெஞ்சா கதை முடிஞ்சது.

அதனாலதான் அவங்க ஆப்பிளை மட்டும் நம்பாம, அந்த நாளையே விக்க ஆரம்பிச்சாங்க. டிராக்டர் பின்னாடி வைக்கோல் வண்டியில சவாரி, சோளக்காட்டுக்குள்ள வழி கண்டுபிடிக்கிற கார்ன் மேஸ், சூடா டோனட், எல்லாமே அதுக்குத்தான். 2012-ல அமெரிக்கப் பண்ணைகளுக்கு இந்த மாதிரி சுற்றுலா மூலமா வந்த வருமானம் சுமார் 70 கோடி டாலர். 2017-ல அது சுமார் 95 கோடி. 2022-ல சுமார் 126 கோடி. இதெல்லாம் வேளாண் கணக்கெடுப்புல இருக்கிற எண்கள். அந்தத் தோட்டம் வீட்டு மனையா மாறாம இன்னும் தோட்டமாவே இருக்குன்னா, அதுல நீங்க கொடுக்கிற டிக்கெட் காசுக்கும் பங்கு இருக்கு.

இதுல நமக்கு என்ன பாடம்?

நம்ம சேனல் பார்க்கிறவங்க நிறைய பேர் மாசச் சம்பளக்காரங்க. ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். அதாவது ஒரே பயிர். எச்-1பி விசாவுல இருக்கிறவங்களுக்கு இன்னும் இறுக்கம். வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுக்குள்ள வேற வேலையோ, வேற வழியோ பார்க்கணும், இல்லைன்னா கிளம்பணும். நமக்கும் உறைபனி ஒரே ராத்திரியில வரலாம்.

தோட்டக்காரர் பக்கத்துலயே டோனட் கடை போட்டுட்டார். உங்களால முடியாது. எச்-1பி-ல இருந்துகிட்டு அனுமதி இல்லாம வண்டி ஓட்டுறது, டெலிவரி பண்றது எல்லாம் விசாவுக்கே ஆபத்து. அதனால உங்களுக்கு இருக்கிற ரெண்டாவது பயிர் சேமிப்புதான். ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட், அதுவும் உடனே கைக்கு வர்ற மாதிரி. அது ரெடியா இருக்கிறவங்க 124 டாலர் செலவு பண்ணிட்டு நிம்மதியா தூங்கலாம். அது இல்லாதவங்க ஆப்பிள் பிக்கிங்கை நிறுத்தி மிச்சம் பிடிக்கிறதால மட்டும் பெருசா ஒண்ணும் மாறாது. வாடகை, கார் லோன், ஊருக்கு அனுப்புற பணம், இந்த மூணையும் உட்கார்ந்து பாருங்க. ஓட்டை அங்கதான் இருக்கும்.

இன்னொரு விஷயம். "கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் ஊர் சுத்தலாம்"னு எல்லாத்தையும் தள்ளிப் போடுறவங்களையும் பார்க்கிறோம். இந்தியாவுல பிறந்தவங்களுக்கு அந்த க்யூ எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும். க்யூ நகர்றதுக்குள்ள உங்க குழந்தை ஆப்பிள் மரத்தைப் பார்த்து ஆச்சரியப்படுற வயசைத் தாண்டிடும். வருஷத்துக்கு ஒரு அரை நாள் சந்தோஷத்தைக் கூட தள்ளிப் போட்டு சேர்க்கிற காசு யாருக்கு?

சிக்கனம் வேற, அல்பத்தனம் வேற

இது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்றேன்.

"ஒரே ஒரு சின்ன பை வாங்குங்க, உள்ள போய் வயிறு நிறைய சாப்பிட்டுக்கலாம்." "பையில மேல குவிச்சு வச்சு, மிச்சத்தை ஸ்ட்ரோலர் அடியில போட்டுக்கலாம்." இப்படி டிப்ஸ் சுத்துது. நண்பர்களே, இது டிப்ஸ் இல்லை, திருட்டு. ஒண்ணு ரெண்டு கடிச்சு ருசி பார்க்க பல தோட்டங்கள்ல விடுவாங்க, அது மரியாதை. ஒரு கடி கடிச்சுட்டு "இது புளிக்குது"ன்னு தரையில வீசிட்டு அடுத்த மரத்துக்குப் போறது மரியாதை இல்லை. முன்னாடி எண்ட்ரி ஃப்ரீயா இருந்த சில தோட்டங்கள் இப்போ ஆளுக்கு டிக்கெட் போடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். நாலு பேர் மிச்சம் பிடிச்ச காசை அடுத்து வர்ற நாற்பது பேர் கட்டுறாங்க.

அந்த மரங்களுக்கு நடுவுல வேலை பார்க்குறவங்க யாருன்னும் கொஞ்சம் கவனிங்க. வடகிழக்கு மாநிலங்கள்ல நிறைய தோட்டங்கள்ல ஜமைக்காவுல இருந்தும் மெக்சிகோவுல இருந்தும் சீசனுக்கு வர்றவங்கதான் பறிக்கிறாங்க. அவங்க விசா பேரு எச்-2ஏ. நம்ம விசா எழுத்துதான், நம்பர்தான் வேற. அவங்களும் வீட்டை விட்டு வந்து, ஊருக்குப் பணம் அனுப்புறவங்கதான். அவங்க வேலை பார்க்குற இடத்துல கிளையை உடைச்சு வச்சுட்டு வரலாமா?

சிக்கனம்கிறது போறதுக்கு முன்னாடி வீட்டுல முடிவு பண்றது. அல்பத்தனம்கிறது போன இடத்துல அடுத்தவர் தலையில கட்டுறது. முதல் வகையில செலவைக் குறைக்க இதோ வழிகள்:

1. எடைக்கு காசு வாங்குற தோட்டமா பாருங்க. எண்ட்ரி டிக்கெட், ரைடு எல்லாம் இல்லாத சின்ன தோட்டங்கள் இன்னும் இருக்கு. குழந்தை இல்லாதவங்களுக்கு கார்ன் மேஸ் பேக்கேஜ் தேவையே இல்லை.

2. முடிஞ்சா வார நாள்ல போங்க. சில இடத்துல டிக்கெட் குறைவு, எல்லா இடத்துலயும் கூட்டம் குறைவு. அக்டோபர் ரெண்டாவது திங்கட்கிழமை லீவு வர்ற லாங் வீக்கெண்டை மட்டும் தவிர்த்துடுங்க. டிக்கெட் முன்கூட்டியே எடுக்கணும்னா, மழை வந்தா திருப்பித் தருவாங்களான்னு படிச்சுட்டு எடுங்க.

3. என்ன ரகம் பழுத்திருக்குன்னு தோட்டத்தோட வெப்சைட்ல பார்த்துட்டு கிளம்புங்க. காலா, ஹனிகிரிஸ்ப் எல்லாம் முன்னாடியே வந்துடும், ஃபியூஜி கடைசியில வரும். ஃபிரிட்ஜ்ல ஹனிகிரிஸ்ப், ஃபியூஜி நல்லா தாங்கும். மெக்கின்டாஷ் சீக்கிரம் மாவா போயிடும்.

4. ரெண்டு பேருக்கு அரை புஷல் பை வாங்காதீங்க. அது சுமார் 20 பவுண்டு, ஒன்பது கிலோ! "பெரிய பைதான் லாபம்"னு வாங்கி பாதியைக் குப்பையில போட்டா எங்க லாபம்?

5. வாசல்ல வைக்கிற பெரிய ஆரஞ்சுப் பூசணி அலங்காரத்துக்கு வளர்க்கிறது. நார் நாரா, சப்புன்னு இருக்கும். சாம்பாருக்கோ கூட்டுக்கோ வேணும்னா சுகர் பம்ப்கின்னு சின்னதா இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க.

6. டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கிறவங்க கவனிக்க: நகரத்துக்குள்ள காலி மனையிலும் சர்ச் வாசலிலும் போடுற பம்ப்கின் பேட்ச் பெரும்பாலும் லாரியில வந்து இறங்கின பூசணிதான். போட்டோ எடுக்க அது போதும், தப்பில்லை. ஆனா தோட்டத்துக்கான விலையை அங்க கொடுக்காதீங்க.

போற இடத்துக்கும் குறை இல்லை. நியூ ஜெர்சிக்காரங்களுக்கு வாரிக்கும் ஹட்சன் பள்ளத்தாக்கும் இருக்கு. பாஸ்டன் பக்கம் ஸ்டோ, சாக்ரமெண்டோவுல இருந்து ஆப்பிள் ஹில். வளைகுடாப் பகுதியில ஹாஃப் மூன் பே பூசணிக்கே பேர் போன ஊர். கார்ல மூணு நாலு பேர் சேர்ந்து போனா பெட்ரோலும் டோலும் பங்காயிடும்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. "இதுக்கா இவ்வளவு காசு?"ன்னு அம்மா திட்டத்தான் செய்வாங்க. ஆனா சந்தையில காய் வாங்கிப் பழகின கை, எந்த மரத்துல எது பதமா இருக்குன்னு உங்களை விட வேகமா கண்டுபிடிச்சிடும்.

இந்த வருஷம் உங்க வீட்டுல ஆப்பிள் பிக்கிங்குக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க, கடைசியில எவ்வளவு ஆச்சு? அந்த ரெண்டு நம்பரையும் கமெண்ட்ல போடுங்க. வித்தியாசம் 20 டாலருக்குள்ள இருந்தா நீங்க பாஸ்!