முதல்ல ஓட்டையைப் பாருங்க



பள்ளி லீவு விட்டதும் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: பிள்ளைகளைச் செல்போனிடமிருந்து எப்படிப் பிரிப்பது? இந்த மாதம் ஒரு வழி சொல்கிறேன். வீட்டுக் கூடத்தில் ஒரு கொலை வழக்கை விசாரியுங்கள்.

பயப்பட வேண்டாம், இது ஒரு விளையாட்டு, கொலை காகிதத்தில்தான். பணம் கட்டினால் தபாலிலோ கூரியரிலோ ஒரு பெட்டி வரும். உள்ளே போலீஸ் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், ஓட்டல் பில், ரயில் டிக்கெட், கிழிந்த கடிதம், பழைய பத்திரிகைத் துணுக்கு, அடியில் ஒட்டி மூடிய ஓர் உறை. தாயக்கட்டை கிடையாது. யாரும் யார் காயையும் வெட்ட முடியாது, எல்லாரும் ஒரே கட்சி. யார் செய்தது, எப்படி, எதற்காக என்று கூடிப் பேசி முடிவு கட்டிய பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய ‘ஹன்ட் எ கில்லர்’ இதை மாதச் சந்தாவாகவே விற்றது. மாதம் ஒரு பெட்டி வரும், ஒரு வழக்கு முடியப் பல மாதம் ஆகும். பார்சலைப் பெறும்போது பணம் கட்டும் வி.பி.பி. முறை நம் நாட்டுக்கு வந்தது 1877இல். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் எப்போது வரும் என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்தவர்களும் நம்மில் உண்டு. தபாலுக்குக் காத்திருக்கும் அந்த ருசி நமக்குப் புதிதில்லை.

துப்பறியும் கதையும் நமக்குப் புதிதில்லை. ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், தமிழ்வாணனின் சங்கர்லால், நம் திருப்பூருக்குப் பக்கத்துக் கோவையிலிருந்து எழுதும் ராஜேஷ்குமாரின் விவேக் என்று தலைமுறைக்கு ஒருவர் நம்மோடு இருந்திருக்கிறார்கள். ஆனால் நாவலில் கடைசி அத்தியாயத்தில் அவர்கள் விடையைச் சொல்லிவிடுவார்கள், நாம் தலையாட்டுவோம். பெட்டி வந்தால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

இந்தப் பெட்டி விளையாட்டின் மூதாதை 1936இல் லண்டனில் பிறந்தது. டென்னிஸ் வீட்லி எழுதிய ‘மர்டர் ஆஃப் மயாமி’ புத்தகம் போலவே இருக்காது, போலீஸ் கோப்பு போல இருக்கும். தந்தி, கையெழுத்துக் கடிதம், புகைப்படம் எல்லாவற்றோடும் நிஜத் தலைமுடி, ஒரு தீக்குச்சி, கறை படிந்த திரைச்சீலைத் துண்டு ஆகியவையும் உள்ளே இருந்தன. விடை இருந்த கடைசிப் பக்கங்கள் மூடி ஒட்டப்பட்டிருந்தன. கதையில், சம்பவம் நடந்த உல்லாசப் படகுக்குப் போய் விசாரிக்கும் அதிகாரி, பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்புகிறார். முடிச்சை அவிழ்ப்பவரோ அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கும் மேலதிகாரி. அவரிடம் இருந்த அதே கட்டுதான் வாசகரிடமும் இருக்கிறது. ஆகவே, ‘எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள்’ என்று புகார் சொல்ல முடியாது. இந்தக் கோப்பைத் திட்டமிட்டுக் கொடுத்தவர் ஜே.ஜி. லிங்க்ஸ், தொழிலால் ரோமத்தோல் உடை வியாபாரி. கதைக்குள் துணித்துண்டை வைத்தவர்களில் ஓர் உடுப்புத் தொழில்காரரும் இருந்தார் என்பதில் திருப்பூர்க்காரனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

என் கைக்கு வந்த பெட்டியைத் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி, காலையில் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டு முடித்த நேரம். காகிதம் பறக்காமல் இருக்க ஃபேனை நிறுத்தி, பாயின் மூலைக்கு ஒரு நூல் கோனை வைத்தோம். முதல் தாளைப் படித்த உடனே அக்கா மகன் “மேனேஜர்தான் மாமா, பார்த்தாலே தெரியுது” என்றான். அவன் தங்கைக்குச் சமையல்காரம்மா மேல் சந்தேகம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளிலேயே காலம் கழித்த எங்கள் அத்தை சிரித்தார். “ஏங்கண்ணு, துணியவே இன்னும் விரிக்கல. அதுக்குள்ள எந்த மிஷின்னு சொல்றீங்களே. முதல்ல ஓட்டையைப் பாருங்க, ஆளை அப்பறம் தேடலாம்.”

அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது. சின்னவள் படித்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தாளையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு “லாட்டைக் கலக்காதீங்க” என்று தேதிவாரியாகப் பிரித்து வைத்தார். கடைசியில், ஒரே கடிதம் என்று நாங்கள் சேர்த்து வைத்திருந்த இரண்டு தாள்களைக் கையில் எடுத்தார். “இது ரெண்டும் ஒண்ணா மடிச்சதில்லைங் சாமி” என்றார். மடிப்புக்கோடுகள் பொருந்தவில்லை. வழக்கு அங்கேதான் திரும்பியது. மேனேஜரும் தப்பித்தார், சமையல்காரம்மாவும் தப்பித்தார். இதற்கு மேல் சொன்னால் விளையாடப் போகிறவர்களுக்குச் சுவை கெட்டுவிடும்.

அத்தை செய்தது அவருடைய அன்றாட வேலைதான். துணியில் நீளவாக்கில் கோடு ஓடினால் பின்னும் ஊசியைப் பார்ப்பார்கள், குறுக்கே பட்டை விழுந்தால் நூல் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டிங்கில் வெட்டிய பீஸுக்கெல்லாம் நம்பர் போடுவதும் இதற்காகத்தான். ஒரு ரோலில் வெட்டிய கையை இன்னொரு ரோலில் வெட்டிய உடம்போடு தைத்துவிட்டால், மேசையில் ஒன்றுபோலத் தெரிந்த நிறம் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். இது எங்கிருந்து வந்தது, எதோடு சேர்ந்தது என்று கேட்காமல் எதையும் தைக்கக் கூடாது என்பது இந்த ஊரின் தொழில் பாடம்.

அந்தப் பாடத்தைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சில வீடியோக்கள் போன் போனாகப் பரவின. எங்கோ, எப்போதோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளும் கொலைகளும்தான் அந்த வீடியோக்களில் இருந்தன. அவற்றை வெட்டி, புதுத் தலைப்போடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். நம்மோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து தைப்பவர்கள் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு நான்கு பேர் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து, தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். வதந்தி என்று தெளிவாவதற்குள் பல வீடுகளில் தூக்கம் போய்விட்டது. இது எந்த நாள், எந்த ஊர் என்று முதலில் பார்த்தவர்கள் கேட்டிருந்தால், அது அடுத்த போனுக்குப் போயிருக்காது.

விளையாட்டை விளையாட்டாக ஆடினால் போதும், பிள்ளைகளுக்கு நீதி போதிக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தேகப்பட்ட ஆளின் பெயரைக் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம், சிரிப்பும் சண்டையுமாக அந்தப் பாயிலேயே வந்துவிடுகிறது. வெளிநாட்டுப் பெட்டி விலை அதிகம், எல்லாம் ஆங்கிலம். அதனால் அடுத்த இதழின் நடுப்பக்கங்களில் நாமே ஒரு வழக்கைத் தருகிறோம். கொலை இல்லை. ஷிப்மென்ட் அன்று காணாமல் போன ஒரு சாம்பிள் பீஸ், அவ்வளவுதான். கேட் பாஸ், டெலிவரி சலான், டீக்கடைக் கணக்கு, பஸ் டிக்கெட் எல்லாம் அச்சாகி வரும். கத்தரித்து எடுத்துப் பரப்பிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது செக்கிங்கில் இருந்தால் அவர்களுக்கு நடு இடம் கொடுங்கள்.

விடையை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம். ஆளின் பெயரை மட்டும் எழுதினால் ஏற்கமாட்டோம். எந்தத் தாளில் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்றும் எழுத வேண்டும். முதலில் வந்த அட்டைக்குப் பரிசு இல்லை, நல்ல காரணம் சொன்ன அட்டைக்குத்தான் பரிசு.

அன்புடன்,
ஆசிரியர்